சின்னவளுக்குக் கிடைத்த மானியம்

பேச்சு டீச்சருக்குக் கோபம் வந்தால் மேசையைத் துடைப்பாள். அன்று காலை கொழுந்தன் போனில் சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து தன் பேச்சுப் பயிற்சி மையத்தில் இருந்த மேசைகளை எல்லாம் துடைத்துவிட்டு, துடைத்ததையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேசைக்குத் தோலை உரிச்சிடுவீங்க போலிருக்கே மேடம்," என்றார் கணக்கர். டயர் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து மையத்தின் வரவு செலவை எழுதிக்கொடுப்பார்.

"சின்னவளுக்கு மறுபடியும் கிடைச்சிருக்காம்."

"எது?"

"மானியம்தான், வேற என்ன? இந்தத் தடவை வேனே வாங்கித் தர்றாங்களாம்."

நல்ல விஷயம்தானே என்று சொல்ல வாயெடுத்த கணக்கர், டீச்சரின் கையிலிருந்த துணி அப்படியே நின்றதைப் பார்த்துவிட்டு அதை ஒரு இருமலாக மாற்றிக்கொண்டார்.

சின்னவள் என்பது கொழுந்தனின் மனைவி. டீச்சருக்கு ஓரகத்தி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அதுவே பெயராக நிலைத்துவிட்டது. விளம்பர கம்பெனியில் வேலை பார்த்தவள், மாமனார் படுக்கையில் விழுந்தபோது அவருக்கு ஒரு மடக்குக் கட்டில் வாடகைக்குக் கிடைக்காமல் ஊரெல்லாம் அலைந்தாள். அந்த எரிச்சலில் வேலையை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பித்தாள். சக்கர நாற்காலி, வாக்கர், மடக்குக் கட்டில் எல்லாம் இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்கும் இடம். ஆரம்பித்த சூட்டோடு முதல் மானியம் வந்தது. பின்னாலேயே இரண்டாவது. இப்போது வேன்.

பேச்சு டீச்சரின் மையம் அதற்கு வெகுநாள் முன்னால் ஆரம்பித்தது. ஒரு பேக்கரிக்கு மேலே மூன்று அறைகள். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு அங்கே அவள் மறுபடி பேசக் கற்றுக்கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்காரரின் சம்பளத்தை நம்பி, தன் நகையை எல்லாம் போட்டு ஆரம்பித்தது. கீழேயிருந்து ரொட்டி வாசனை ஏறி வரும். மேலே ஒரு ஆள் தன் மகளின் பெயரைச் சொல்ல முடியாமல் வேர்த்து வழிந்துகொண்டிருப்பார். அப்படிப்பட்ட வேலை. நாள் ஆகும். சத்தம் போடாது. போட்டோவில் விழாது.

அதுதான் டீச்சரின் குறையே. சின்னவளின் வேலை போட்டோவில் விழுந்தது. ஒரு கிழவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்னால் போதும், பார்க்கிறவன் மனசு கரைந்துவிடும். டீச்சரிடம் என்ன போட்டோ இருக்கிறது? வாயைக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள், எதிரே ஒரு கண்ணாடி. விண்ணப்பங்களில் 'பயனாளிகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் வரும்போதெல்லாம் அவள் எழுந்துபோய் ஒரு மேசையைத் துடைத்துவிட்டு வருவாள். சின்னவள் அந்தக் கட்டத்தில் ஆயிரக்கணக்கில் எழுதுவாள். டீச்சர் எழுதுகிற எண்ணைப் பார்த்தால் ஒரு பஸ்ஸை நிரப்பக்கூட ஆள் தேறாது.

அவள் தேடாமல் இல்லை. மத்தியானம் ஆட்கள் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு அறக்கட்டளையாகத் திறந்து பார்ப்பாள். ஒன்று குழந்தைகளுக்கு மட்டும் என்று சொல்லும். ஒன்று கிராமங்களுக்கு மட்டும். ஒன்று தகுதி எல்லாம் பொருந்தி வந்து, கடைசியில் பார்த்தால் தேதி முடிந்திருக்கும். பொருந்திய இடங்களுக்கு ராப்பகலாக எழுதி அனுப்பினால், உங்கள் பணியை மிகவும் மதிக்கிறோம் என்று ஆரம்பித்து ஒரு பதில் வரும். அந்த 'மிகவும்' என்ற சொல்லைப் பார்த்ததுமே அவள் மேற்கொண்டு படிக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் கூடியபோது வேன் பேச்சுதான். "சின்னவ கை வெச்சா துலங்குது," என்றாள் மாமியார். பெரியவள் கை வைத்தால் என்ன ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் டீச்சரின் காதில் சத்தமாக விழுந்தது.

பாத்திரம் கழுவும் இடத்தில் சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு அறக்கட்டளை அறிவிப்பு போட்டிருக்காங்க, பார்த்தீங்களா? நோய் வந்து எழுந்தவங்க மறுபடி பழையபடி வாழறதுக்கு உதவற அமைப்புகளுக்குன்னு. பெரிய தொகை. மூணு வருஷத்துக்கு."

டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்து, யாருக்கும் சொல்லாமல், பாதி விண்ணப்பம் எழுதியும் விட்டாள். "அப்படியா?" என்றாள்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்டா என்னக்கா? உங்ககிட்ட அனுபவம் இருக்கு. என்கிட்ட ஆள் இருக்கு, வண்டி இருக்கு."

என் அனுபவத்தைத் தூக்கி உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப் பார்க்கிறாயா என்று டீச்சருக்குள் ஒரு குரல் கேட்டது. "நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்?" என்றாள். "உன் வழி வேற, என் வழி வேற. நீ போடு. நானும் பார்க்கிறேன்."

"சரிக்கா," என்று சின்னவள் தட்டை வாங்கித் துடைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விண்ணப்பத்தை டீச்சர் தானே எழுதினாள். கணக்கர் படித்துவிட்டு, "கண்ணுல தண்ணி வருது மேடம். ஆனா என்ன செய்யப் போறோம்னு இன்னும் வரலையே," என்றார். அவள் முறைத்தாள். பிறகு அதையும் எழுதினாள். அனுப்பினாள். சில வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் 'மிகவும்' இல்லை. நேரில் வந்து பார்க்கப் போகிறார்களாம். டீச்சர் கணக்கரை இழுத்து வைத்து அதை உரக்கப் படிக்கச் சொன்னாள். உச்சி குளிர்ந்து போயிற்று.

அந்தக் குளிர் சாயங்காலம் வரைதான். கொழுந்தன் போன் பண்ணினான். "அண்ணி, உங்க இடத்துக்கும் வர்றாங்களாமே! இங்கயும்தான். அதே நாள், காலையில இங்க, மத்தியானம் அங்க."

அந்த நாளும் வந்தது. மையத்தைத் துடைத்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லாம் தயாரான பிறகும் மத்தியானம் வர மறுத்தது. டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்நேரம் சின்னவள் என்ன காட்டிக்கொண்டிருப்பாள்? வேனைக் காட்டியிருப்பாள். பளபளவென்று அடுக்கிய நாற்காலிகளைக் காட்டியிருப்பாள்.

"ரெண்டு நாற்காலி குறையுது," என்றாள் கணக்கரிடம். "போய் சின்னவகிட்ட வாங்கிட்டு வந்துடறேன்."

கணக்கர் வட்டத்தைப் பார்த்தார். நாற்காலி எதுவும் குறையவில்லை. "ஆமாமா, குறையுது," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

சின்னவளின் இடம் ஒரு பழைய மரக்கிடங்கு. உயரமான கூரை, சுவரெல்லாம் புது வெள்ளை. டீச்சர் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்து வாக்கர்கள் அடுக்கியிருந்த மறைவில் நின்றாள். நடுவில் அறக்கட்டளை அதிகாரி உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட அம்மாள், ரப்பர் செருப்பு. எதிரே சக்கர நாற்காலியில் ஒரு லாரிக்காரர். டீச்சருக்கு அவரை நன்றாகத் தெரியும். பக்கவாதம் வந்த புதிதில் கொஞ்ச நாள் மையத்துக்கு வந்தார். மாடி ஏற முடியவில்லை என்று நின்றுவிட்டார். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி. சின்னவள் ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தாள்.

"நாங்க கொடுத்த நாற்காலி உங்களுக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்கண்ணே," என்றாள் சின்னவள்.

"ரொம்ப உதவியா இருக்குங்க," என்றாள் மனைவி.

"அவரே சொல்லட்டுமே," என்றார் அதிகாரி.

லாரிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. "வா... வா..." என்றார்.

"வாழ்க்கையே மாறிடுச்சுங்கிறார்," என்றாள் மனைவி அவசரமாக.

லாரிக்காரர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். "வா... வா..."

"வாகனமா? வேனைச் சொல்றீங்களா?" என்றாள் சின்னவள். அவர் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தார். சின்னவளின் முகம் சுண்டிப்போயிற்று. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

வாக்கர்களின் மறைவில் நின்ற டீச்சருக்கு உள்ளே தேன் வடிந்தது. முழிக்கட்டும். நன்றாக முழிக்கட்டும். இவ்வளவு நாள் போட்டோ எடுத்தாளே, இப்போது எடுக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் போதும் என்று நினைத்தாள். அடுத்த நொடி இன்னொரு நினைப்பு வந்தது. அது முதலாவதைவிட இனிப்பாக இருந்தது. இந்த மனிதனைப் பேச வைக்க இந்த ஊரில் யாரால் முடியும் என்று அந்த அதிகாரிக்குத் தெரிய வேண்டாமா?

அவள் வெளியே வந்தாள். "கொஞ்சம் எல்லாரும் சும்மா இருங்க," என்றாள்.

"அக்கா!" என்றாள் சின்னவள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை டீச்சர் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள். லாரிக்காரரின் முன்னால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவருடைய கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அவசரமே இல்லைங்க. யாரும் ஊகிக்கப் போறதில்லை. மூச்சை விடுங்க. ஆமான்னா கட்டைவிரலைத் தூக்குங்க. ஒரு இடத்தைச் சொல்றீங்களா?"

கட்டைவிரல் மேலே போயிற்று.

"உங்க வீட்டுலயா?"

மேலே.

டீச்சர் வேறெதுவும் கேட்காமல் காத்திருந்தாள். கிடங்கில் கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கடைசியில் லாரிக்காரரின் உதடு குவிந்து, விரிந்து, "வா... சல்," என்றது.

"வாசலா? நாற்காலி வாசல்ல நுழையலையா?"

கட்டைவிரல் தூக்கிய தூக்கில் அவர் கையே மேலே போயிற்று. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"குறுகல் வாசலுங்க," என்றாள் மனைவி. அவள் யாரையும் பார்க்கவில்லை. "கொடுத்த நாளே நுழையலை. வெளி முத்தத்துல கிடக்குது, துணி காயப்போடறோம். திருப்பிக் கொடுத்தா தப்பா நினைப்பாங்களோன்னு சொல்லலை. இன்னிக்குக்கூட நாலு பேர் தூக்கித்தான் வேன்ல ஏத்தினாங்க. இங்க வந்ததும் வேற நாற்காலியில உட்கார வெச்சாங்க."

டீச்சர் எழுந்து நின்றாள். தாங்க முடியாத வெற்றி. இவ்வளவு போதும் என்று இருந்தது. ஓரக்கண்ணால் சின்னவளைப் பார்த்தாள்.

சின்னவள் மழுப்பவில்லை. "எனக்குத் தெரியாது மேடம்," என்றாள் அதிகாரியிடம். "எத்தனை கொடுத்தோம்னு எண்ணினோம். கொடுத்த பிறகு என்ன ஆச்சுன்னு போய்க் கேட்கலை. இன்னும் எத்தனை வீட்டுல துணி காயுதோ, அதுகூட என்னால சொல்ல முடியலை." பிறகு லாரிக்காரரிடம் திரும்பி, "மன்னிச்சிடுங்கண்ணே. குறுகல் வாசலுக்குன்னே ஒரு நாற்காலி இருக்கு. நாளைக்கே அளவெடுக்க வர்றேன்," என்றாள்.

அதிகாரி பேனாவை எடுத்து எதையோ எழுதினார். நீளமாக எழுதினார்.

மத்தியானம் மையத்தில் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. காலை வெற்றி இன்னும் இறங்கவில்லை. படிக்கட்டிலேயே பேச ஆரம்பித்தவள் அதிகாரி உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகும் நிறுத்தவில்லை. வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் காட்டி, இவர் வந்தபோது இப்படி, இப்போது இப்படி என்று சொல்லிக்கொண்டே போனாள். டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ஒரு அம்மாள் விரலைத் தூக்கினார்.

"இங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம்கிறாங்க," என்றாள் டீச்சர்.

அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்களுக்கு ஒரு மாசம் உடம்புக்கு முடியாமப் போனா இங்க என்ன நடக்கும்?"

"நான் படுக்கிறதே இல்லை மேடம்!" என்று டீச்சர் சிரித்தாள். வட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு கணக்கர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே, "டெலிபோன் அம்மா ஏதோ சொல்ல வந்தாங்க," என்றார்.

"என்ன சொல்ல வந்தாங்க?"

"தெரியலையே. நீங்கதான் சொல்லிட்டீங்களே மேடம்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. மறுநாள் அந்த அம்மாள் வந்ததும் எதிரே உட்கார்ந்து கேட்டாள். வெகு நேரம் ஆயிற்று. அவர் சொல்ல வந்தது இதுதான்: ஜன்னலைச் சாத்துங்கள், முகத்தில் வெயில் அடிக்கிறது.

பதில் வந்தது. 'மிகவும்' இருந்தது. அன்றைக்கு டீச்சர் முழுவதையும் படித்தாள். உங்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அமைப்பு முழுவதும் ஒரே ஒருவரின் உழைப்பை நம்பி நிற்கிறது என்று எழுதியிருந்தார்கள். சின்னவளுக்குக் கிடைத்துவிட்டது. தன் தவறைத் தயங்காமல் ஒப்புக்கொண்டதும், பயனாளிகளைத் திரும்பக் கேட்க அவள் போட்டுக்கொடுத்த புதுத் திட்டமும் அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். கொழுந்தன் அதையும் விடாமல் சொன்னான்.

"என் கையாலேயே தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்," என்றாள் டீச்சர் வீட்டுக்காரரிடம். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. "நான் அங்க போகாம இருந்திருந்தா, வாழ்க்கை மாறிடுச்சு, வாகனம் வந்துடுச்சுன்னு அவ உளறிட்டு நின்னிருப்பா."

"எதுக்குப் போனே?" என்றார் அவர்.

"நாற்காலி குறைஞ்சுது."

அவர் சிரிப்பை அடக்க எழுந்து கை கழுவப் போனார்.

வயிற்றெரிச்சல் என்பதை வெறும் பேச்சு என்று டீச்சர் நினைத்திருந்தாள். அந்த வாரம் உண்மையாகவே எரிந்தது. சின்னவளின் வேன் தெருவில் போனால் ஜன்னலைவிட்டு நகர்ந்தாள். மாமியார் வீட்டுக்குத் தலைவலி என்று போகவில்லை. தலைவலி விசாரிக்கும் சாக்கில் சின்னவளே மையத்துக்குப் படியேறி வந்துவிட்டாள்.

"அக்கா, திட்டத்துல ஒரு ஆளுக்குச் சம்பளம் போட்டிருக்கேன். நாற்காலி வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்கணும். அதுல பாதிப் பேருக்குப் பேச்சு சரியா வராது. அவங்களைக் கேட்கத் தெரிஞ்ச ஆள் வேணும். நீங்க வரணும்."

"சம்பளத்துக்கா? உன்கிட்டயா?" டீச்சரின் குரல் உடைந்தது. "வேனுக்குப் பின்னாடி என்னையும் கட்டி இழுத்துட்டுப் போகலாம்னு பார்க்கிறியா?"

சின்னவள் முதல் முறையாகக் கோபப்பட்டாள். "அன்னிக்கு நீங்க எனக்கு உதவ வரலை. என்னைக் கவுக்கத்தான் வந்தீங்க. எனக்குப் புரியலைன்னு நினைக்காதீங்க."

கணக்கர் அவசரமாக ஏதோ காகிதத்தைத் தேடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

"புரிஞ்சுதான் கூப்பிட வந்தியா?" என்றாள் டீச்சர்.

"ஆமா. கவுக்க வந்த இடத்துலயும் அந்த மனுஷனைப் பேச வெச்சீங்க. கூட இருந்த நாங்க யாரும் வெக்கலை. எனக்கு அதுதான் வேணும். உங்க மனசுல என்ன இருக்குன்னு பார்த்துட்டு உட்கார்ந்திருக்க எனக்கு நேரம் இல்லைக்கா."

டீச்சர் துடைக்கும் துணியை எடுத்தாள். ஒரு மேசை முழுவதும் துடைத்தாள். சின்னவள் போகாமல் நின்றாள்.

"நான் ஆளா வர மாட்டேன்," என்றாள் டீச்சர் கடைசியில். "ரெண்டு அமைப்புக்கும் நடுவுல ஒப்பந்தம். என் மையத்து பேர்ல. நீ நாலு பேரை அனுப்பு, எப்படிக் கேட்கணும்னு நான் பழக்கித் தர்றேன். அவங்க உனக்கும் வேலை செய்யட்டும், வாரத்துல பாதி நாள் இங்கயும் வேலை செய்யட்டும்."

"ஒரே ஆளை நம்பி நிக்குதுன்னு இனிமே எவனும் எழுத முடியாது," என்றார் கணக்கர் அடுத்த அறையிலிருந்து.

"நீங்க காகிதத்தைத் தேடுங்க," என்றாள் டீச்சர்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நாலு பேர் வந்தார்கள். பழகினார்கள். ஐந்தாவதாக, யாரும் அழைக்காமல் சின்னவளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். தெரியாமல் இரவல் கொடுத்ததே போதும், தெரிந்துகொள்கிறேன் என்றாள். டீச்சரால் போ என்று சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் டீச்சர் வேறொரு சின்ன அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தாள். எண்ணிக்கைக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். தனக்கு உடம்பு முடியாமல் போனால் மையத்தை யார் பார்ப்பார்கள் என்பதற்கு நாலு பேரைக் காட்டினாள். ஒரு வகுப்பு நாளன்று பதில் வந்தது. கணக்கர் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து, "மேடம்! 'மிகவும்' இல்லை!" என்று கத்தினார்.

யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல் இருந்தது. டீச்சர் பெரிய அறைக்கு விரைந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜன்னலோரம் டெலிபோன் அம்மாளின் எதிரே சின்னவள் உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் ஊகிக்காமல், முகத்தை மட்டும் மலர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த அம்மாள் வாயைத் திறந்தார். டீச்சருடன் வருஷக்கணக்காக உட்கார்ந்தும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. இப்போது மூன்று சொற்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன.

"லைன்ல... இருங்க... ப்ளீஸ்."

அவர் வேலை பார்த்த காலத்தில் நாள் முழுக்கச் சொன்னது. சொல்லிவிட்டு அவரே அசந்துபோய்ச் சின்னவளைப் பார்த்தார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீச்சருக்கு அடிவயிற்றில் பழைய எரிச்சல் குபுகுபுவென்று கிளம்பியது. இதுவுமா இவளுக்கு? ஆனாலும் அந்த மூன்று சொற்களுக்காக அவள் எவ்வளவு நாள் காத்திருந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பு முடிகிறவரை பொறுத்திருந்து, பிறகு போய்ச் செய்தியைச் சொன்னாள்.

சின்னவள் கத்தியே விட்டாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எவ்வளவுக்கா? எவ்வளவு?"

டீச்சர் தொகையைச் சொன்னாள். சின்னவளுக்குக் கிடைத்ததில் கால் பங்குகூட இல்லை. அது இருவருக்குமே தெரியும். சின்னவள் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. "பெரிய விஷயம்க்கா," என்றாள் மனதார.

அப்படி மனதாரச் சொன்னதற்காகவும் டீச்சருக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை வந்தது.